புது மண்ணில் மூட்டிய முதல் அடுப்பு



என் ஆயா வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தா. 1954-க்குப் பிறகு, பதினோரு வயதுப் பெண்ணாக ஆயா கப்பலேறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதனால் எங்கள் வீட்டுத் தீபாவளியில் வடை, அதிரசத்தோடு நேம் என்னும் வியட்நாம் சுருளும் இருக்கும். அரிசித்தாளை ஈரத்துணியில் விரித்து, கொத்திய இறாலும் சேமியாவும் வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுவார். "இறுக்கிச் சுத்துடி, எண்ணெயில போட்டா வாயத் தொறந்துடும்" என்பார். யார் கற்றுக்கொடுத்தது என்று சில வருஷங்களுக்கு முன்புதான் கேட்டேன். "வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வருவாங்க, அந்த ஊர்க்காரங்க" என்றார். பெயர் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். வரவில்லை.

புலம்பெயர்ந்து போய்க் குடும்பம் நடத்தியவர்களைப் பற்றிய சிறுவர் வரலாற்று நாவல் என்ற இந்த மாநாட்டின் பொருளை என்னிடம் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது அந்த வராத பெயர்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் எழுதிய வரலாறு பெரும்பாலும் அரண்மனை வரலாறு. வாள், குதிரை, சுரங்கப் பாதை, ஒற்றன். 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எவ்வளவோ நல்ல கதைகள் வந்திருக்கின்றன. கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்திய விருது பெற்றபோது மனம் நிறைந்து மகிழ்ந்தேன். ராஜா இல்லாத வரலாற்றையும் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள் என்று அது காட்டியது. ஆனால் கடல் கடந்து போய்ப் புது மண்ணில் முதல் அடுப்பு மூட்டிய தமிழ்க் குடும்பம்? பிரபஞ்சன் ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியை எழுதினார். நாகரத்தினம் கிருஷ்ணா 'நீலக்கட'லில் மொரீஷியஸுக்குப் போனவர்களை எழுதினார். இரண்டும் பெரியவர்களுக்கானவை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்த வகைக்கு உலகம் முன்மாதிரியாகச் சொல்வது அமெரிக்காவின் லாரா இங்கல்ஸ் வைல்டரை. முதல் நாவல் 1932-இல் வந்தபோது அவருக்கு வயது 65. அதில் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. அப்பா மான்கறியைப் புகை போடுகிறார், துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார். குளிர்காலத்தில் வெண்ணெய் வெளுத்துப் போகிறதே என்று அம்மா கேரட்டைத் துருவிப் பிழிந்து நிறம் ஏற்றுகிறார். பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டுவது அந்த வேலைகளைப் பார்க்கத்தான். தன் கையால் செய்து பழகியதை அவர் எழுதினார். அந்த நாவல்களின் உயிர் அங்கே இருக்கிறது.

அவற்றின் குறையும் அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது. 1935-இல் வந்த நாவலில் அக்குடும்பம் போய் வீடு கட்டியது பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களின் நிலத்தில். அந்தப் பகுதியின் மனிதர்களைக் கணக்கெடுக்கும் ஒரு வாக்கியத்தில் பூர்வகுடிகள் சேரவில்லை. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகு, 1953 பதிப்பில் ஒரு சொல்லை மாற்றினார்கள். 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் சிறுவர் இலக்கிய விருதிலிருந்து அவர் பெயரையே எடுத்தது. அதற்கு வெகு முன்பே, 1999-இல், எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக் ஒஜிப்வே பூர்வகுடிச் சிறுமி ஒருத்தியின் வீட்டை நாவலாக எழுதிவிட்டார். விருதின் பெயரை மாற்றியதைவிட அந்த நாவல் எனக்குப் பெரிய பதிலாகத் தோன்றுகிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று இங்கே புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். கரையிலிருந்து சலங்குப் படகில் ஏற்றி, தள்ளி நின்ற கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். இங்கிருந்து புறப்பட்ட 'ஓரேலி' 1853 மே மாதம் கரீபியத் தீவான மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1880-கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேல். இந்தியப் பெருங்கடலின் ரெயூனியனுக்குப் போனவர்கள் இதைவிட அதிகம்.

போனவர்களைப் பதிந்த ஏட்டில் பெயர், வயது, ஊர், கப்பல் இருக்கும். அடுப்பு இருக்காது. ஆனால் ரெயூனியனில் இன்றும் முருங்கைக் கீரையை 'முருங்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். மார்த்தினிக் கோயிலில் மதுரை வீரன் 'மால்தெவிதான்' ஆகிவிட்டார். முதல் முருங்கைக் கொம்பை நட்டது யார்? முந்தானையில் விதை முடிந்துகொண்டு போனது யார்? அது வேர் பிடிக்கும்வரை தினம் எட்டிப் பார்த்த பிள்ளை எது? ஒரு நாவலுக்கு இது போதாதா? எழுதப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கிருந்து நேரே ஒரு சமையலறைக்கும் போங்கள். கீரை எப்படி ஆய்ந்தார்கள், கூரை எதனால் வேய்ந்தார்கள், கரும்புச் சோகை கிழித்த கைக்கு என்ன தடவினார்கள் என்று தெரியாமல் பிள்ளைகளுக்கு வரலாறு எழுத முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சற்றுக் கசந்தாலும். நம்மவர்கள் போய் இறங்கிய இடம் வெற்று நிலம் அல்ல. அங்கே முந்தாநாள் விடுதலையான கறுப்பின மக்கள் முதன்முதலாகத் தங்கள் உழைப்புக்கு விலை பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கூலியைக் குறைக்கத்தான் நம்மைக் கொண்டுபோனார்கள். ஏமாற்றிக் கூட்டிப்போகப்பட்டவர்களும் நாம், இன்னொருவர் கூலி குறையக் காரணமானவர்களும் நாம். இதைப் பிள்ளைகளால் தாங்க முடியாது என்று சொல்லாதீர்கள். பள்ளி மைதானத்தில் தினமும் நியாயம் பேசுகிறவர்கள் அவர்கள். தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு கறுப்பினப் பையனும் ஒரே வாளிக்காக நிற்கட்டும். மிச்சத்தை வாசிக்கிற பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

சைகோன் கதை வேறு. 1881 பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு வழக்கத்தில் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள் அங்கே குமாஸ்தாக்களாக, காவலர்களாக, சொல்தா எனப்படும் சிப்பாய்களாகப் போனார்கள். அந்த மண்ணின் மக்களுக்கு இல்லாத உரிமை இவர்களுக்கு இருந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். முத்தியால்பேட்டையில், குருசுக்குப்பத்தில், உங்கள் பக்கத்து வீட்டில். பாரதி குடும்பம் இங்கே அடைக்கலமாக வாழ்ந்த காலத்தை நாம் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிவது அவர் மகள் சகுந்தலாவும் அக்குடும்பத்தோடு பழகிய யதுகிரியும் சிறுமிகளாகக் கண்டதைப் பிற்பாடு எழுதி வைத்ததால்தான். சைகோன் வீடுகளுக்கு அப்படி எழுத இன்னும் சில வருஷங்களே மிச்சம்.

என் ஆயா போன வருஷம் காலமானார். அவர் மறந்த பெயரை நான் இப்போது யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் சைகோன் வீட்டு நாவலை யாராவது எழுதினால், அடுப்படியில் சின்னப் பெண்ணின் கைமேல் தன் கையை வைத்து அரிசித்தாளைச் சுருட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் வையுங்கள், ஒரு வீடும் கொடுங்கள். மாலையில் வேலை முடிந்து அவர் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும். அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

முதல் அமர்வுக்கு வந்திருப்பவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.