"நீ ஒம்பதாம் மாசமே நடந்துட்ட!"

மேடவாக்கத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு குழந்தை வளர்ச்சியும், அதைப் பத்தி அப்பா அம்மா சொல்ற கதைகளும்.

"நீ ஒம்பதாம் மாசமே நடந்துட்ட" என்று எங்கம்மா சொல்லாத வாரம் இல்லை. என் பொண்ணுக்கு இப்போ 13 மாசம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு வீடு முழுக்கச் சுத்துறா, ஆனா கையை விடமாட்டேங்குறா. அதனால அம்மாவுக்குக் கவலை. அப்பாகிட்ட கேட்டா, "பதினொண்ணு இருக்கும்டா" என்கிறார். அத்தையோ, "மொதப் பொறந்தநாளுக்கு நீ தவழ்ந்துக்கிட்டுதான் இருந்த" என்கிறாங்க.

மூணு பேருமே பொய் சொல்லலை. நம்ம ஞாபகம் சர்வர் லாக் மாதிரி தேதி, நேரம் போட்டு எழுதி வைக்காது. குழந்தை முதல் அடி வச்ச சந்தோஷம் அப்படியே நிக்கும். அது எந்த மாசம் என்பது நழுவிடும்.

நம்ம பிள்ளைத்தமிழ் நூல்கள்லயும் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிச்சிருக்காங்க. கையை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடினா செங்கீரை, கை கொட்டினா சப்பாணி, தளர்நடை போட்டு வந்தா வருகை. இந்த மாதிரிப் பருவங்களுக்குப் பேரே குழந்தை செய்யற செயலை வச்சுத்தான்.

சரி, எப்போதான் நடக்கணும்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என 5 நாடுகள்ல 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சு, 2006ல் முடிவை வெளியிட்டது. தனியா நடக்க ஆரம்பிக்கிற வயசு சுமார் 8 மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் விரிஞ்சு கிடக்கு. பிடிமானம் இல்லாம உட்கார்றது 4ல இருந்து 9 மாசம். 100ல் 4 குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்காங்க!

அதனால 13 மாசம் பயப்படற வயசு இல்லை. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பொறு" என்பதும் வீட்டு ஞாபகம்தான். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 18 மாசம் ஆகியும் நடக்கலைன்னா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலைன்னா, வந்த பேச்சு நின்னு போச்சுன்னா உடனே குழந்தைகள் டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் ஆரம்பிக்கிற பயிற்சிக்குப் பலன் அதிகம். நம்ம பக்கம் ஈசிஆர் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கு. சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி அங்கே உண்டு.

டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு, "எப்போ தலை நின்னுச்சு, எப்போ உட்கார்ந்தது?" அங்கே யோசிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். உங்க போன் கேலரில அந்த வீடியோ இருக்கும், எடுத்த தேதியும் இருக்கும். வாட்ஸ்அப்ல வந்த வீடியோவை நம்பாதீங்க. அதுல எடுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. எடுத்தவங்க போன்லயே பாருங்க.

இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, தலை நின்னது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை, இந்த ஐந்து தேதியையும் தடுப்பூசி அட்டையோட சேர்த்து எழுதி வைங்க. தேதிக்கு அட்டை போதும். கதைக்கு அம்மா வேணும், அவங்களைச் சொல்ல விடுங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.