கம்பி இல்லாத வீட்டில் மின்சாரம்



சென்ற விடுமுறையில் என் சகோதரியின் மகன் ஜெர்மனியிலிருந்து சுருவிலுக்கு வந்திருந்தான். அங்கே தான் குடும்பத்துடன் ஊர் சுற்றும் மோட்டார் வீட்டு வண்டியின் படங்களை எம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டினான். கட்டில், அடுப்பு, விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி யாவும் அவ்வண்டிக்குள்ளே அமைந்திருந்தன. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், இந்த வீட்டுக்கு வயர் எங்கால வருது?" என்று கேட்டாள். மருமகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நானோ கலைப் பட்டதாரி. எனினும் அதிபர் என்ற பெயரைத் தாங்கியவன் வாளாவிருத்தல் ஆகாதன்றோ? மருமகனிடமும் எம் விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்டறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அவ்வண்டியில் பற்றரிகள் இரண்டு உண்டு. ஒன்று இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்கு. மற்றையது வீட்டுப் பாவனைக்கு. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதன் காரணம், இரவெல்லாம் விளக்கெரித்துவிட்டு விடியற்காலையில் வண்டி நகராமல் நிற்கும் அவலத்தைத் தவிர்ப்பதே. விளக்கு, மின்விசிறி, நீர்ப்பம்பி முதலியன வீட்டுப் பற்றரி தரும் 12 வோல்ற்று நேரோட்டத்திலேயே இயங்குகின்றன. வண்டி ஓடும்பொழுது இயந்திரமும், நிற்கும்பொழுது கூரைமேற் சூரியப்படலும் அதனை நிரப்புகின்றன. தரிப்பிடங்களிலே தடித்த வடமொன்றால் 230 வோல்ற்று ஆடலோட்டத்தைப் பெறுவதுமுண்டு. வெளி இணைப்பு இல்லாத காட்டிலே 230 வோல்ற்றுக் கருவியை இயக்க வேண்டுமாயின், 12 வோல்ற்றை 230 ஆக்கும் இன்வேட்டர் என்னும் பெட்டி வேண்டும். சமையலுக்கு எரிவாயு.

இவற்றைக் கேட்டபொழுது என் நினைவு வேறொரு காலத்துக்குச் சென்றது. 1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தீவகம் போரில் அகப்பட்டபொழுது, நாங்கள் சுருவிலை விட்டு யாழ்ப்பாண நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தோம். அங்கே மின்சாரம் நின்றுபோயிற்று. உலர் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெயைத் துளி துளியாகச் செலவிட்டு, ஜாம் போத்தலில் விளக்கேற்றிப் படித்த தலைமுறை நாங்கள். ஆனால் செய்தி கேளாமல் இருக்க முடியவில்லை. ஊர் எப்பொழுது திறக்கும், உறவினர் எங்கே என்ற ஏக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்தோம்.

தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையிலே நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் பொருத்த வேண்டும். இதனை எங்கள் ஒழுங்கையிற் பத்தாம் வகுப்புப் பையன்களே செய்தார்கள். நான் அக்காலத்திற் பட்டப் படிப்பு மாணவன். வரலாறு தெரியும், இருவாயி தெரியாது. சுழற்றும் வேலை மட்டும் என்னுடையது.

ஒருநாள் மாலை, தீவகத்தைப் பற்றிய செய்தி என்று அறிவிப்பாளர் தொடங்கியதும், ஒலி மங்கிவிடுமோ என்ற அவசரத்தில் வேகமாகச் சுழற்றினேன். வானொலி ஒரு கணம் அலறியது; பின்னர் அடங்கியது. மறுபடி அது பேசவேயில்லை. ஐயா ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் பின்னர் மாதக் கணக்காக, செய்தி நேரத்துக்குச் சால்வையைப் போர்த்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தாண்டி இன்னொருவர் வீட்டுத் திண்ணைக்கு நடந்து போனார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நடை என் கண்முன் நிற்கின்றது.

நடந்தது யாதென்பதை அண்மையிலேதான் விளங்கிக்கொண்டேன். சைக்கிள் தைனமோ 6 வோல்ற்றில் ஏறக்குறைய அரை அம்பியர் இழுக்கும் விளக்குக்காக, அதாவது 3 உவாற்றுக்காக அமைந்தது. சிறிய வானொலி அதிற் சிறு பங்கையே இழுக்கும். சுமை குறையவும் வேகம் கூடவும் வோல்ற்றளவு எல்லை மீறி எழும், கருவி தாங்காது. விளக்கு ஒன்றையும் அதனோடு எரியவிட்டிருந்தால் வானொலி ஒருவேளை பிழைத்திருக்கும்.

வண்டிக்கு மீளுவோம். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி எனக் குறித்த பற்றரியில் இருப்பது 1200 உவாற்று-மணி. அது ஈயப் பற்றரியாயின், பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 600 என்று கொள்வோம். 5 உவாற்று விளக்கு நான்கு, நான்கு மணி நேரம்: 80. 25 உவாற்று மின்விசிறி, ஆறு மணி நேரம்: 150. 45 உவாற்றுக் குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடுவதால் நாளுக்கு எட்டு மணி நேரம்: 360. கூட்டினால் 590. மட்டாகப் போதும். இனி ஒரு லீற்றர் தண்ணீரை மின்கேத்தலிற் கொதிக்க வைத்தாலோ, மேலும் ஏறத்தாழ 100 உவாற்று-மணி செலவாகிக் கணக்கு உடைந்துவிடும்.

அதனிலும் கொடிது வேறொன்று. 2000 உவாற்றுக் கேத்தலுக்கு 12 வோல்ற்றிலே 160 அம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். 230 வோல்ற்றிலோ ஒன்பது அம்பியர்கூட வேண்டியதில்லை. கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெல்லிய கம்பி உருகித் தீப்பற்றும். பற்றரியின் வாயிலில் உருகி பொருத்தாமல் இன்வேட்டரை இணைப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக. எம் ஊரிலும் மின்தடைக்கு உதவுமென்று வாகனப் பற்றரியை வாங்கி வீட்டில் வைத்துச் சில மாதங்களிற் பறிகொடுத்தவர்கள் உளர். வாகனப் பற்றரி ஒரு கணம் பேரோட்டம் தருவதற்கென ஆனது. மெல்ல மெல்ல அடிவரை இறைப்பதற்கு வேறு வகை உண்டு.

மருமகனின் வண்டியில் என்னை மிகவும் வியக்கவைத்தது குளிர்சாதனப் பெட்டி. எரிவாயுச் சுடரினாலும் அது குளிரும்! நெருப்பினால் அமோனியாவைக் கரைசலிலிருந்து பிரித்து, அது மீண்டும் ஆவியாகும்பொழுது வெப்பத்தைக் கவரச் செய்யும் முறை இது. 1922 இல் சுவீடன் மாணவர் இருவர், வொன் பிளாட்டனும் முன்டர்சும், அசையும் பாகமெதுவும் இன்றி இதனை இயற்றினர். மண்ணெண்ணெயில் இயங்கிய பழைய குளிர்சாதனப் பெட்டிகளும் இவ்வினத்தவையே.

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவும் ஒருவகையில் இவ்வண்டி போன்றதே. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் பெருநிலத்து மின்கம்பி எட்டாமையால் டீசல் இயந்திரங்களே ஒளி தந்து வந்தன. அந்த டீசலும் கடல் கடந்தே வரவேண்டும். இம்மூன்று தீவுகளுக்குமாக இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தமான திட்டத்தின் அளவுகள் இவை: காற்றாலை 530 கிலோவாற்று, சூரியப்படல் 1700 கிலோவாற்று, பற்றரி 2400 கிலோவாற்று-மணி, துணைக்கு டீசல் 2500 கிலோவாற்று. உறுப்புகள் வண்டியிற் கண்டவையே. பற்றரி மட்டும் அவ்வண்டியின் பற்றரியைப் போல் இரண்டாயிரம் மடங்கு.

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபொழுது, முன்னர் வினவிய அச்சிறுமி மீண்டும் எழுந்தாள். அவளுடைய தகப்பனார் கடற்றொழிலாளி. "மத்தியானம் வெயில் கூடி மிஞ்சிற கரண்டில ஐஸ் செய்து வைச்சால், இரவைக்கு மீனுக்கு உதவுமே சேர்? அப்ப ஐஸும் ஒரு பற்றரி தானே?" என்றாள். நான் விஞ்ஞான ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் வந்து கேட்டுவிட்டுச் சோக்குக் கட்டியை எடுத்து, ஒரு கிலோகிராம் ஐஸ் உருகும்பொழுது கவரும் வெப்பம் ஏறத்தாழ 93 உவாற்று-மணி என்று எழுதினார். மணி அடித்த பின்னரும் அவ்வகுப்பு வெளியேறவில்லை.