இலவசக் கல்விக் கருவிகளும் மலைக் கிராமப் பள்ளிகளும்

(கரடியூரில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சேர்வராயன் மலையில் வாழும் மக்களுக்குச் சுமை என்பது புதிதன்று. காப்பியும் மிளகும் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன; உப்பும் அரிசியும் கீழிருந்து மேலே ஏறுகின்றன. இங்கு விளையாத பொருளைக் கிடைக்குமிடத்தில் வாங்கி வந்து, சேமித்து வைத்து உண்கிறோம். குழந்தைகளின் கல்விக்கும் இவ்வழியையே கையாள வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

கல்விக்கு உதவும் அரிய கருவிகள் பல இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய திக்ஷா தளத்தில் பாடங்களும் படக்காட்சிகளும் உள்ளன. 2018-இல் வெளிவந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள சதுரக் குறியீட்டின்மேல் கைப்பேசியைக் காட்டினால், பாடத்திற்குரிய விளக்கம் திரையில் தோன்றும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அவற்றை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

ஆனால், இலவசமாக இருப்பது வேறு; கைக்கு எட்டுவது வேறு. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். கைப்பேசியும் சிக்னலும் இருந்த வீட்டில் பாடம் நடந்தது. இல்லாத வீட்டில் நின்றது. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், தகப்பனார் தோட்ட வேலைக்குச் செல்லும்போது அதுவும் அவருடன் சென்றுவிடும். மாலையில் அது திரும்பி வந்தாலும், அண்ணன் கைக்குப் போகுமே அன்றித் தங்கையின் கைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. விட்டுப்போன படிப்பை ஈடுசெய்யவே 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது.

எட்டாத அறிவை ஊருக்குக் கொண்டு வருவதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதே ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது அவற்றுள் முதல் விதி. பூட்டிய அலமாரிக்கும் பூட்டிய கணினி அறைக்கும் இவ்விதி ஒன்றுபோலவே பொருந்தும்.

இன்றைய மாட்டு வண்டி உள்ளங்கையில் அடங்கும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, இணைய வசதியுள்ள ஓரிடத்தில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு முறை இறக்கிக்கொண்டால் போதும்; விரல் நகத்தளவு நினைவட்டையில் அது அடங்கிவிடும். அதனை ஒரு சிறு கணினியில் பொருத்தி, வைஃபை கருவியுடன் இணைத்துவிட்டால், அவ்வறையில் உள்ள கைப்பேசிகளிலும் கணினிகளிலும் இணையமின்றியே படிக்கலாம். சிக்னல் வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. திக்ஷா பாடங்களையும் இவ்வாறே முன்னதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இதில் பஞ்சாயத்து செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, பள்ளியிலோ ஊர்ப்புற நூலகத்திலோ மின்வசதியுள்ள அறை ஒன்றை ஒதுக்கி, மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தல். இரண்டாவது, பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல். மாதம் ஒரு முறை ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ சென்று புதிய பாடங்களை இறக்கி வருவது அவர் கடமை. மூன்றாவது, எந்தக் குழந்தை எந்த நாளில் வந்தது என்று பதிவேடு எழுதுதல். பெண் குழந்தைகள் வருகிறார்களா என்பதை அது காட்டிக் கொடுக்கும். நான்காவது, அப்பதிவேட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகவே, கேள்வி கேட்கும் உரிமை உங்களிடமே உள்ளது.

எச்சரிக்கையாக ஒரு சொல். இலவசம் என்று வருபவை யாவும் இலவசமல்ல. குழந்தையின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டு, விளம்பரம் காட்டும் செயலிகள் வேறு வகையில் விலை வாங்குகின்றன. அவற்றைத் தவிர்ப்பது நலம். விக்கிப்பீடியாவிலும் பிழைகள் இருக்கலாம். பாடநூலுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஆசிரியர் கற்பிக்க வேண்டும். கருவி ஆசிரியருக்குத் துணையாகுமே அன்றி அவருக்கு ஈடாகாது.

அன்பர்களே! காப்பிச் செடியை நட்டவர் பலன் காணச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கிறார். ஒரு வகுப்புக் குழந்தைக்கோ அந்த ஆண்டு தவறினால் மீண்டும் வருவதில்லை. ஆகையால் அடுத்த கிராம சபையிலேயே அறைக்கும் பொறுப்பாளருக்கும் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.