பழைய லேண்ட் ரோவரும் எர்த் வயரும்



லெம்பா பெர்த்தாமில் வாழும் நமக்கு லேண்ட் ரோவர் வண்டியை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுந்து மூட்டை, உர மூட்டை, முட்டைக்கோஸ் கூடை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. நம் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள். இன்று நாம் பேசப்போவது அந்த வண்டியின் இயந்திரத்தைப் பற்றியன்று. அதற்குள் ஓடும் மின்சாரம் திரும்பி வரும் வழியைப் பற்றியே பேசப்போகிறோம். பட்டறைக்காரர்கள் இதை 'எர்த்' என்பார்கள்.

பள்ளியில் டார்ச் விளக்கு பேட்டரியையும் சிறு பல்பையும் வைத்துச் சோதனை செய்யும்போது இரண்டு வயர் கொடுக்கிறோம். ஒன்றின் வழியே மின்சாரம் போகிறது, மற்றொன்றின் வழியே திரும்புகிறது. இரண்டில் எது அறுந்தாலும் பல்பு எரியாது. இதைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் வண்டியின் விளக்குக்குப் பின்னால் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வயர்தான் இருக்கும். அப்படியானால் திரும்பும் வழி எங்கே? வண்டியின் இரும்புச் சட்டமும் தகடுகளுமே அந்த வழி. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கனத்த வயர் ஒன்று சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கும். அதுதான் எர்த் வயர். பெயரைக் கேட்டு மின்சாரம் மண்ணுக்குள் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி நிற்பது ரப்பர் சக்கரத்தின் மேல். வீட்டு எர்த் வேறு, வண்டி எர்த் வேறு.

இந்த ஏற்பாடு வயர்ச் செலவைப் பாதியாகக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டமும் தகடும் ஒன்றையொன்று சுத்தமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். லேண்ட் ரோவரில் வம்பு இங்கேதான் தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இவ்வண்டி பிறந்தபோது போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் சட்டத்தை எஃகிலும் மேல் தகடுகளை அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அந்த இடமே ஒரு சின்ன மின்கலம் போலாகி அலுமினியத்தை அரித்துத் தின்னும். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு போல் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாவு மின்சாரத்தைக் கடத்தாது. நம் மலையிலோ மழையும் பனிமூட்டமும் ஓய்வதில்லை. அதோடு உர மூட்டையிலிருந்து சிந்தும் உப்பும் சேர்ந்தால் அரிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

எர்த் கெட்டால் விளக்கு உடனே அணைந்துவிடுவதில்லை. மங்கலாக எரியும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரியில் 48 வாட் பல்பு 4 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை 3 ஓம். துருப்பிடித்த இடத்தில் ஒரே ஒரு ஓம் கூடினால் மொத்தம் 4 ஓம் ஆகும். மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறையும். பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட், அதாவது 27 வாட்தான். வெளிச்சமோ அதைவிட மோசமாகக் குறையும், பாதிகூட இராது. பல்பு மாற்றினாலும் பேட்டரி மாற்றினாலும் இது தீராது. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டு 'இன்னும் மங்கலாகவே எரிகிறதே' என்று அலுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காவது ஆகியிருக்கும்.

இன்னொரு அடையாளம் வேடிக்கையாக இருக்கும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும், அல்லது சிக்னல் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து சிமிட்டும். தன் வாசல் அடைபட்ட மின்சாரம் அடுத்த வீட்டுப் பல்பின் வழியாக வெளியேறப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கும் வளைவுகளில், மூடுபனியில், பின்னால் காய்கறி லாரி வரும்போது, முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டது தெரியாவிட்டால் அது வேடிக்கையாக இராது. பின்பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது இயந்திரத்தின் எர்த். இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சட்டத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. பின்னிய பட்டை ஒன்று இரண்டையும் இணைக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 200 ஆம்பியர் அளவுக்குக்கூட மின்சாரம் அந்தப் பட்டை வழியாகத் திரும்ப வேண்டும். பட்டை அறுந்துபோனால் அது சும்மா இருக்காது, வேறு வழி தேடும். சோக்கு கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி போன்ற மெல்லிய கம்பிகளில் பாய்ந்து அவற்றைச் சூடேற்றிவிடும். சாவியைத் திருப்பும்போது சோக்கு கம்பி சுட்டாலோ புகைந்தாலோ 'சோக்கு கெட்டுவிட்டது' என்று கம்பியை மாற்றுகிறார்கள். புதுக் கம்பியும் அப்படியே கருகும். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் இப்படிக் கம்பி சூடாவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தாய்மார்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. உறையிட்ட நீளமான வயர் ஒன்று போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். விளக்கைப் போடுங்கள். வயரின் ஒரு முனையைப் பேட்டரியில் எர்த் பிடித்திருக்கும் முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோக உடம்பிலும் வையுங்கள். விளக்கு பளிச்சென்று ஆனால் குற்றம் எர்த்தில்தான். பின்விளக்கைப் பார்த்துச் சொல்ல ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நின்றால் போதும். பிள்ளைக்கும் ஒரு பாடம் ஆயிற்று. பேட்டரியின் மற்ற முனையில் மட்டும் அந்த வயர் படவே கூடாது. பட்டால் வயர் பழுத்துக் கையைச் சுடும். பட்டறையில் மீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது அதே இரண்டு இடங்களுக்கு நடுவே அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு உண்டு.

சரிசெய்ய வேண்டியது இவ்வளவுதான்: போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக முடுக்கி, மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் தடவ வேண்டும். பெயிண்டின் மேல் முடுக்கினால் பயனில்லை. பெயிண்டும் மின்சாரத்தைக் கடத்தாது. அடிக்கடி தொல்லை தரும் பின்விளக்குகளுக்குத் தகட்டை நம்பாமல் சட்டம்வரை தனி எர்த் வயர் இழுத்துவிடுவதே மேல் என்பது நம் கருத்து.

மிகப் பழைய வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 1967ஆம் ஆண்டு வாக்கில்தான் லேண்ட் ரோவர் எதிர்முனை எர்த்துக்கு மாறியது. அதற்கு முந்தியவற்றில் நேர்முனையே சட்டத்தில் பிடித்திருக்கும். பின்னாளில் பலர் மாற்றியும் இருக்கலாம். ஆகவே வருடத்தை வைத்து முடிவு செய்யாமல், கனத்த வயர் எந்த முனையிலிருந்து சட்டத்துக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பார்க்காமல் ரேடியோவை மாட்டினால் ரேடியோ போய்விடும். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பும்போதும் இதே கவனம் வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். எர்த் மாட்டியிருக்கும்போது மற்ற முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரிக்கு மேல் தேங்கும் வாயு எளிதில் வெடிக்கக்கூடியது.