பைபர் படகைப் பேணுவோம்

(மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு காலத்தில் நம் கடற்கரையெங்கும் கட்டுமரங்களே நிறைந்திருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பலவற்றை வாரிச் சென்றபின், நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகள் வந்து சேர்ந்தன. ‘பைபர் உளுத்துப் போகாது, ஆகவே பராமரிப்பும் வேண்டியதில்லை’ என்னும் எண்ணமும் கூடவே வந்துவிட்டது. இதில் முற்பாதி உண்மை, பிற்பாதி தவறு.

பைபர் என்பது இரு பொருள்களின் கூட்டு. கண்ணாடி நார் வலிமை தருகிறது. ரெசின் என்னும் பிசின் அந்நாரைப் பிணைத்து, நீர் புகாமற் காக்கிறது. பிசின் கெட்டால் நாரின் வலிமை பயன்படாது. பிசினுக்குக் கவசம், மேலே பூசிய வழவழப்பான ஜெல்கோட். கரையில் இழுக்கும்போது மணல் அதைத் தேய்க்கிறது. வெயில் வெளிறச் செய்கிறது. கீறல் வழியே நீர் ஊறினால், நாளடைவில் நாரும் பிசினும் பிரியத் தொடங்கும். ஆகவே, கீறலைக் கண்டவுடன் நன்னீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, தேய்த்துச் சுத்தம் செய்து, நாரும் பிசினும் இட்டு மூட வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட ஒட்டு நில்லாது. புதுப் படகு கட்டுவோர் ஐசோப்தாலிக் ரெசினைக் கேட்டு வாங்குவது நலம். அது சாதாரண ரெசினைவிட நீரை நன்கு தாங்கும்.

பழுது பார்க்கையில் ஓர் எச்சரிக்கை. ஹார்டனரையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலத்தலாகாது, வெடித்துத் தீப்பற்றக்கூடும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முற்றும் கலந்த பின்னரே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

இனி, தீயைப் பற்றி. கண்ணாடி நார் எரியாது. ஆனால் பிசின் எரியும், கரும்புகை கக்கும். நடுக்கடலில் ஓடித் தப்ப இடமேது? ரெசினில் அலுமினியம் ஹைட்ராக்சைடுப் பொடியைக் கலப்பது ஒரு வழி. சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்போது, அப்பொடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுத் தீயைத் தணிக்கும். அளவு மிஞ்சினால் ரெசின் கெட்டியாகி நாரில் ஊறாது, படகு வலுவிழக்கும். ஆதலின் அது தேர்ந்த படகு கட்டுவோரின் வேலை. நாம் செய்யத்தக்கவை எளியவை: எரிபொருள் கேனை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி வைத்தல், கசிந்த எண்ணெயை உடனே துடைத்தல், உலர்பொடித் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல்.

படகு ஒரு குடும்பத்தின் சோறு. கரை சேர்ந்ததும் வலையைப் பார்த்துச் சீர்செய்கிறோம். படகின் அடிப்புறத்தையும் ஒருமுறை தடவிப் பார்ப்போமாக.