மார்கழிக் காலையில் பழவேற்காடு

கடற்கரை ஊர்களைக் காண விரும்புவோர் கோடையில் செல்வதே வழக்கம். வெம்மைக்கு அஞ்சிக் கடற்காற்றை நாடுதல் இயல்புதானே! ஆயினும், ஓர் ஊரின் உண்மை முகத்தைக் காண வேண்டுமாயின், பனி இறங்கி, மீனவரும் பறவைகளுமே கரையில் நிற்கும் மார்கழி, தைத் திங்களில் செல்ல வேண்டும். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆண்டுதோறும் அத்திங்களில் சில நாட்கள் நான் பழவேற்காட்டில் நடந்து வருகிறேன். மாணவ நண்பர்களே! இன்று உங்களையும் அந்நடைக்கு அழைத்துச் செல்ல விழைகிறேன்.

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்குவோம். அங்கிருந்து பேருந்தில் கிழக்கு நோக்கிச் சென்றால், வயல்கள் மறைந்து உப்பங்காற்று முகத்தில் படும் இடத்தில் ஊர் தொடங்குகிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், மகிமை மாதா ஆலயமும், சூரியக் கடிகாரம் அமைந்த சின்னப் பள்ளிவாசலும் கொண்ட சிற்றூர் இது. திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து பனையோலைப் பெட்டி முடைவதைக் காணலாம்.

முதலில் நாம் நிற்கும் இடம் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம். வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. நிலையாமையை உணர்த்த நம் முன்னோர் பாடல் புனைந்தனர். ஒல்லாந்தர் கல்லில் வடித்தனர். 1613-ஆம் ஆண்டில் அவர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்திற்கு இதுவே நெடுங்காலம் தலைமையிடமாயிற்று. இங்கிருந்து சென்ற கட்டமிட்ட துணி கீழை நாடுகளில் பெரும்புகழ் பெற்றது. மலாய் மக்கள் இன்றும் கைலியைக் 'காயின் பெலிக்கட்' என்று அழைக்கின்றனர். அப்பெயரில் நம் பழவேற்காடு ஒளிந்திருக்கிறது. துணி மட்டுமா சென்றது? வெடிமருந்து சென்றது, பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினர். புகழை நினைக்கும்போது இதனையும் நினைத்தல் வேண்டும். 1690-ஆம் ஆண்டளவில் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. அண்டையில் சென்னை வளர்ந்தது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றிலும் வந்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும் மேடுமே எஞ்சியுள்ளன.

இனி, பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கை நோக்கி நடப்போம். என் இளமையில் இந்நீரைப் படகில்தான் கடந்தோம். பாலத்தின் நடுவே நின்று வடக்கே நோக்கினால், பனித்திரைக்குள் ஏரி விரிந்து கிடக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து விண்கலங்கள் எழும்போது இக்கரைச் சன்னல்கள் அதிர்கின்றன. அவ்வேரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கின்றன. அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்துச் சேற்றிலிருந்து சிற்றுயிர்களை வடிகட்டி உண்கின்றன. அவற்றின் செந்நிறம் உண்ணும் உணவில் உள்ள நிறமிகளால் வருவது.

இங்கே என் வாழ்வின் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் ஏரிகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. "அது பாடத்தில் இல்லை தம்பி, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான், பிறகு அவ்வாண்டு முழுவதும் எதுவும் கேட்கவில்லை. என் நடை அக்கேள்விக்குக் காலந்தாழ்ந்து நான் தேடும் விடையே ஆகும்.

ஏரி கடலோடு கலக்கும் வாயிலே முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் பிற ஆறுகளும் நன்னீரைக் கொணர்ந்து தள்ளுகின்றன. அந்த வேகம் மணலை அரித்து வாயிலைத் திறக்கிறது. கோடையில் ஆற்றுநீர் வற்றுகிறது. அலைகள் மணலைக் குவித்து வாயிலை அடைக்கின்றன. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் மீண்டும் கடல் புகும். வாயில் அடைபட்டால் இப்போக்குவரத்து நின்றுவிடும். இறாலை நம்பி வாழ்வோரின் அடுப்பும் அதனோடு அணையும். ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்ள, குலுக்கலின் வழியே முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டை இங்குள்ள மீனவர் நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். ஆனால் பகிர்வதற்கு மீன் வேண்டுமே!

மணலின் கதை இன்னும் நுட்பமானது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. கடலுக்குள் நீளும் ஒரு கற்சுவர் அந்த ஓட்டத்தைத் தடுத்தால், தெற்கே மணல் சேரும்; வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும் இராயபுரம் கரையை இழந்ததும் இதனாலேயே. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும், 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்து, கருங்கல் அணையே கரையாயிற்று. நம் பகுதியில் எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இலும் இயங்கத் தொடங்கின. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது மீனவர் அஞ்சி எதிர்த்ததன் பொருளை இப்போது நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

தொழிற்சாலைகளைப் பழிப்பது என் கருத்தன்று. தெளிந்த காலையில் தென்திசையில் தெரியும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நம் இல்லங்களுக்கு ஒளி தருகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. நான் கற்பித்த பலர் அங்கே பணிபுரிகின்றனர். ஆனால் ஒரு கையால் தருவதை மறு கையால் பறிக்காமல் இருப்பது எப்படி என்பதே கேள்வி.

சென்ற தைத் திங்களில், கலங்கரை விளக்கின் அருகே ஒருவர் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஐயா, நலமா?" என்றார். அன்று கேள்வி கேட்ட அதே மாணவன்! வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடுமுறை நாளில் தந்தையின் படகில் மீனவன். மணலின் ஓட்டத்தைப் பற்றி நான் கற்றதையெல்லாம் ஆர்வத்தோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை என் தந்தையும் சொல்வார் ஐயா. வடக்கே போகிற மணல், தடுத்தால் கோபிக்கும் என்பார். நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால், அவர் சொல்வதும் படிப்புதான் என்று எனக்குத் தெரிந்திருக்கும்" என்றார். நான் தலைகுனிந்தேன். பிறகு கூடையிலிருந்து நான்கு மடவை மீன்களை ஓலையில் சுற்றி என் கையில் கொடுத்தார். விலை வாங்க மறுத்துவிட்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊருக்கும் ஓர் ஏரியோ ஆறோ குளமோ இருக்கும். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒரே திங்களில் அங்கே நடந்து செல்லுங்கள். நீர் எங்கே நின்றது, எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்று நாளிட்டு எழுதுங்கள். அங்கே உழைக்கும் முதியவரிடம் பணிவோடு கேளுங்கள். நீங்கள் கேட்பதற்கு விடை பாடநூலில் இல்லையென்று எந்த ஆசிரியராவது கூறினால் உட்கார்ந்துவிடாதீர்கள், "அப்படியானால் எங்கே இருக்கிறது ஐயா?" என்று மீண்டும் கேளுங்கள். அவ்வாறு கேட்கப்பெறாமையால் இழந்தவன் மாணவன் மட்டுமல்லன், ஆசிரியனும் இழந்தான்.