வடித்த நீரும் வயிற்று நலமும்
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வயிற்றுவலி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் எழுப்பும் ஒரே குரல். செரியாமையும் அவ்வாறே ஒலிக்கும். உயிரைப் பறிக்கும் கொள்ளைநோயும் அவ்வாறே ஒலிக்கும். ஆதலின் அக்குரலைப் பகுத்தறிதல் ஒவ்வோர் இல்லத்தார்க்கும் கடமையாகும்.

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய ஊர் பூவம். அம்மாவட்டத்தில் 2022 ஆம் ஆண்டு வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவின. சிலரிடம் காலரா உறுதிசெய்யப்பட்டது. சூலைத் திங்கள் தொடக்கத்தில் புதுவை அரசு அங்குப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. கல்வி நிலையங்கள் சில நாள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சிப் பருகுக, கைகளைக் கழுவுக என்பனவே மக்களுக்குக் கூறப்பட்ட முதன்மையான அறிவுரைகள்.

இவ்வறிவுரை சமண இல்லங்களுக்குப் புதிதன்று. நீரைத் துணியால் வடித்துப் பருகுவதும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர்நிலைக்கே திருப்பி விடுவதும் சிராவக ஒழுக்கம். உயிர்க்கருணையே அதன் நோக்கம். உடல்நலம் அதன் பயன். வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில் நிகழ்ந்து 2003 இல் வெளியான ஆய்வு இப்பயனை மெய்ப்பித்தது. பழைய சேலைத் துணியைப் பன்மடிப்பாக்கி நீரை வடித்த இல்லங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களைப் பற்றி வாழ்கின்றன. அவ்வுயிர்களைத் துணி தடுத்துவிடுகிறது. ஆயினும் தனித்து மிதக்கும் கிருமியைத் துணி தடுக்காது. ஆகவே வடித்தபின் காய்ச்சுதலும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே முழுக்காப்பு.

நோய் வந்தபின் செய்வது யாது? வயிற்றுப்போக்கில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றுவதே. 1971 இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிகளுக்கு ஊட்டச் செய்தார். நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த இறப்பு, 4 க்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு தரும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

இங்கு ஓர் ஐயம் எழும். கதிரவன் மறைந்தபின் நீரும் பருகா நோன்புடையார் இல்லத்தில், இரவில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் என் செய்வது? விடியும்வரை காத்திருக்க இந்நோய் இடம் தராது. குழந்தையின் உடலோ சில மணி நேரத்திலேயே வற்றிவிடும். தீர்த்தங்கரத் தன்மைக்கு ஏதுவாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளுள், ஆற்றலுக்கேற்பத் தவம் செய்தல் ஒன்று. ஆற்றலை அளந்தே தவம் வகுக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைக்கும், சூல்கொண்ட பெண்ணுக்கும், தளர்ந்த முதியவர்க்கும் நீர் மறுப்பது நோன்பாகாது. கொல்லாமைக்கே அது இழுக்காகும்.

வலி தொப்புளருகே தோன்றி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குதல், வயிறு பலகைபோல் இறுகுதல், மலம் கரியதாதல் அல்லது குருதி கலத்தல், ஓயாத வாந்தி, சிறுநீர் அற்றுப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கைமருந்தை நாடாது மருத்துவமனைக்கு விரைக. அவ்வேளையில் பேதி மருந்து கொடுத்தல் பெருங்கேடு. மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது இதயநோயாகவும் இருக்கலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் பசித்து, அளவறிந்து உண்பதையே நோய்த்தடுப்பாக வலியுறுத்துகிறது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்துக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் அண்டை வீட்டார்க்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அதைக் கலக்கும் முறையும் வழங்குவாராயின், அதுவே ஔடதமும் அபயமுமாகிய இரு தானம்.

அறம் வளர்க! உயிர்கள் இன்புறுக!